விலை இறங்கியது; மருந்து வந்து சேர்ந்ததா?

2025 மார்ச் 11ஆம் நாள் எம்பாகிளிஃப்ளோசின் என்னும் நீரிழிவு மருந்தின் இந்தியக் காப்புரிமை காலாவதியானது. ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனம் ஜார்டியன்ஸ் என்ற பெயரில் அதை மாத்திரை ஒன்றுக்கு ஏறத்தாழ 60 ரூபாய் விலையில் விற்றுவந்தது. காப்புரிமை முடிந்த சில நாள்களுக்குள் இந்திய நிறுவனங்கள் பலவும் தத்தம் வணிகப் பெயர்களில் அதே மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. மேன்கைண்ட் நிறுவனம் 10 மில்லிகிராம் மாத்திரைக்கு ரூ.5.49, 25 மில்லிகிராம் மாத்திரைக்கு ரூ.9.90 என்று விலை அறிவித்தது. அறுபது ரூபாய்ப் பொருள் ஒரே வாரத்தில் ஆறு ரூபாய்க்குக் கீழே வந்தது. அரிசி, பருப்பு, வாடகை, பள்ளிக் கட்டணம் என எதிலும் காணக் கிடைக்காத வீழ்ச்சி இது.

2026 மார்ச் 20ஆம் நாள் இன்னொரு மருந்தின் முறை. ஊசி மருந்தாகப் பெரும்புகழ் பெற்றுள்ள செமாகுளூடைட்டின் இந்தியக் காப்புரிமை அன்றுடன் முடிகிறது. ஏற்கெனவே செய்தித்தாள்களின் வணிகப் பக்கங்கள் நிரம்பி வழிகின்றன. எந்த நிறுவனம் முதலில் வரும், விலை எவ்வளவு குறையும், சந்தை எத்தனை ஆயிரம் கோடியாக விரியும் என்பதே பேச்சு. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இந்தப் பேச்சில் எனக்கும் ஆர்வம் உண்டு. ஆனால், ஓராண்டுக்கு முன் விலை இறங்கிய மருந்து இன்று யார் கையில் இருக்கிறது என்பதைக் கேட்காமல், இனி இறங்கப்போகும் விலையைக் கொண்டாடுவது பொருளியலும் ஆகாது, பொதுநலமும் ஆகாது.

இக்கேள்வி புதுச்சேரிக்காரர்களுக்கு மிக நெருக்கமானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023 ஜூனில் லான்செட் குழும இதழொன்றில் வெளிவந்தன. இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி, நீரிழிவின் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி, வயது வந்தோரில் நாட்டின் சராசரி 11.4 விழுக்காடு. மாநில வரிசையில் கோவா 26.4 விழுக்காட்டுடன் முதலிடம். அதற்கு அடுத்த இடத்தில் 26.3 விழுக்காட்டுடன் புதுச்சேரி. தமிழ்நாடு 14.4 விழுக்காடு. அதாவது கோரிமேடு எல்லையைத் தாண்டி இப்பக்கம் வந்தால், வயது வந்தவர்களில் நால்வரில் ஒருவருக்கு மேல் நீரிழிவு. சிறிய, பெரும்பாலும் நகரமயமான ஒரு ஒன்றியப் பகுதியைப் பெரிய மாநிலத்தோடு ஒப்பிடுவது முழு நியாயமல்ல என்பது உண்மைதான். இருந்தாலும் நால்வரில் ஒருவர் என்பது எந்தக் கணக்கிலும் சிறிய எண்ணிக்கையல்ல. உப்பு விளைந்ததால் பெயர்பெற்ற உப்பளத்தில் நான் குடியிருக்கும் தெருவில் சர்க்கரை இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நானும் பதினேழு ஆண்டுகளாக அந்தக் கணக்கில் ஒருவன்.

எம்பாகிளிஃப்ளோசினை ஏன் இவ்வளவு தூரம் பேச வேண்டும்? சர்க்கரையைக் குறைக்க மெட்ஃபார்மின் இருக்கிறது, கிளிமிபிரைடு இருக்கிறது, இரண்டும் மலிவு, இரண்டும் அரசு மருத்துவமனைகளில் கிடைப்பவை. பிறகென்ன என்று கேட்பவர்கள் உண்டு. இம்மருந்து வேலை செய்யும் விதமே வேறு. சிறுநீரகம் வடிகட்டிய சர்க்கரையை உடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்வதைத் தடுத்து, அதைச் சிறுநீரோடு வெளியேற்றிவிடுகிறது. சிறுநீரில் சர்க்கரை போவதைத்தான் நம் முன்னோர் நோயின் அடையாளமாகக் கண்டார்கள். இன்று அதே வழி மருந்தின் வழியாகவும் இருப்பது விந்தை. அதைவிட முக்கியமானது, 2015இல் வெளியான எம்பா-ரெக் ஆய்வு. இதயநோய் அபாயம் மிகுந்த சுமார் ஏழாயிரம் நீரிழிவு நோயாளிகளிடம் நடத்தப்பட்ட அந்த ஆய்வில், இம்மருந்தை எடுத்துக்கொண்டவர்களிடையே இதய, ரத்தநாளக் காரணங்களால் நேரும் மரணம் 38 விழுக்காடும், இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வது 35 விழுக்காடும் குறைந்திருந்தன. சிறுநீரகப் பாதிப்பைத் தாமதப்படுத்துவதையும் பின்வந்த ஆய்வுகள் உறுதிசெய்தன. உலக சுகாதார நிறுவனம் இவ்வகை மருந்துகளை 2021இலேயே இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆகவே இது வசதி படைத்தவர்கள் மட்டும் வாங்கி விழுங்கும் சொகுசு மாத்திரையன்று. எல்லோருக்கும் ஏற்றதுமன்று, சிறுநீர்ப்பாதைத் தொற்று போன்ற பக்கவிளைவுகள் உண்டு என்பதால் மருத்துவர் சொல்லாமல் எவரும் தொடங்கக் கூடாது. ஆனால், தேவை என்று மருத்துவர் முடிவு செய்தபின் அது கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் பணப்பையைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது.

எளிய கணக்கொன்று போடுவோம். பழைய விலையில் நாளொன்றுக்கு ஒரு மாத்திரை என்றால் மாதம் 1,800 ரூபாய். நாளொன்றுக்கு 600 ரூபாய் கூலி பெறும் ஒருவருக்கு இது மூன்று நாள் உழைப்பு. ஒரே ஒரு மருந்துக்கு மட்டும். அவருக்கு ரத்த அழுத்த மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும் உண்டு. மனைவிக்கும் சர்க்கரை இருக்கக்கூடும். புதிய விலையில் அதே மருந்து மாதம் 165 ரூபாய். கால் நாள் கூலியைவிடச் சற்றே அதிகம். ஏழைக்கு எட்டாத மருந்து எட்டும் மருந்தாக மாறியிருக்கிறது என்று பாடநூல் சொல்லும். பாடநூலில் வரும் நுகர்வோர் விலையைப் பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுப்பவர். நம் மருந்துக்கடையில் நிற்பவர் அப்படித் தேர்ந்தெடுப்பவர் அல்லர்.

1963இல் கென்னத் ஆரோ எழுதிய ஒரு கட்டுரையோடுதான் மருத்துவப் பொருளியல் என்ற துறையே பிறந்தது என்பார்கள். மருத்துவத்தில் வாங்குபவருக்குப் பொருளைப் பற்றித் தெரியாது, தெரிந்தவர் விற்பவரே. இந்த அறிவுச் சமமின்மையால் சாதாரணச் சந்தை விதிகள் இங்கே பிழைக்கின்றன என்பது அவர் வாதத்தின் சாரம். நம் நாட்டில் இதற்கு இன்னொரு மடிப்பும் உண்டு. மருந்தைத் தேர்ந்தெடுப்பவர் மருத்துவர். காசு கொடுப்பவர் நோயாளி. எந்தப் பெயரில் கொடுப்பது என்பதில் கடைக்காரருக்கும் ஒரு கை. மருத்துவர் சீட்டில் எழுதுவது எம்பாகிளிஃப்ளோசின் என்ற மூலப்பெயரை அல்ல. ஒரு வணிகப் பெயரை. ஐந்தரை ரூபாய்க்கு ஒரு பெயரும், அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு விலையில் வேறு பெயர்களும், பழைய மூல நிறுவனத்தின் பெயரும் ஒரே நேரத்தில் சந்தையில் உலவும்போது, நோயாளி எந்த விலையைக் கொடுக்கிறார் என்பதைச் சீட்டில் உள்ள அந்த ஒற்றைச் சொல்லே முடிவு செய்கிறது. விலை இறங்கிய செய்தி அவர் காதுக்கு எட்டியிருக்கலாம், சீட்டுக்கு எட்டவில்லை.

மாலை நடைக்குப் பின் நான் வழக்கமாக மருந்து வாங்கும் கடையில் சற்று நேரம் நின்றாலே இதைக் காணலாம். அட்டையை முழுதாக வாங்குபவர்கள் குறைவு. ஐந்து மாத்திரை வெட்டிக் கொடுங்கள், வாரக் கடைசியில் மீதியை வாங்கிக்கொள்கிறேன் என்பவர்கள் அதிகம். வம்பாக்கீரப்பாளையத்திலிருந்து வரும் மீன் விற்கும் அம்மா ஒருவர், ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்வதாக இயல்பாகச் சொன்னார். மாத்திரை இரட்டிப்பு நாள் வருமே என்பது அவர் கணக்கு. அவர் கையிலிருந்த சீட்டில் எழுதியிருந்தது விலை கூடுதலான பெயர். அதே மருந்து பாதிக்கும் குறைவான விலையில் உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சீட்டில் உள்ள பெயரை மாற்றிக் கொடுக்க அவருக்குச் சட்டப்படி உரிமையில்லை.

அப்படியானால் மூலப்பெயரிலேயே எழுதும்படி மருத்துவர்களைக் கட்டாயப்படுத்திவிடலாமே என்பது எளிதில் தோன்றும் தீர்வு. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் தொடக்கத்தில் அப்படித்தான் விதி செய்தது. மருத்துவர் சங்கங்களின் எதிர்ப்பால் அதே மாதம் 23ஆம் நாள் அவ்விதியை நிறுத்திவைத்தது. எதிர்ப்பில் தன்னலம் இல்லை என்று சொல்லமாட்டேன். மருந்து நிறுவனங்கள் மருத்துவர்களுக்குப் பரிசு தருவதையும் சுற்றுலா அழைத்துச் செல்வதையும் தடுக்கும் நடத்தை நெறியை 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட வேண்டியிருந்ததே, அப்படியொரு வழக்கம் இருந்ததற்குச் சான்று. ஆனால், மருத்துவர்கள் எழுப்பிய ஒரு வாதத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. மூலப்பெயரை எழுதினால் தேர்வு உரிமை நோயாளிக்குப் போகாது, கடைக்காரருக்குப் போகும். அவர் தனக்கு லாபம் மிகுந்த சரக்கைக் கொடுப்பார் என்றார்கள். உண்மை. வணிகப் பெயரில்லாத பல மருந்துகளில் அட்டையில் அச்சிட்ட விலைக்கும் கடைக்காரரின் கொள்முதல் விலைக்கும் இடையே பெரும் பள்ளத்தாக்கு இருக்கிறது. அந்த லாபம் நோயாளியைச் சேர்வதில்லை.

தரத்தைப் பற்றிய அச்சமும் வெறும் கற்பனையன்று. 2025ஆம் ஆண்டின் இறுதியில், பெயர்பெற்ற நிறுவனங்களின் மருந்துகளைப் போலியாகத் தயாரித்த கூடங்கள் நம் புதுச்சேரியிலேயே பிடிபட்டன. விசாரணை மாநில எல்லைகளைத் தாண்டிப் போனது. அந்நாள்களில் நண்பர்கள் சிலர் தங்கள் மாத்திரை அட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. போலி செய்தவர்கள் மலிவான பெயரைப் போலி செய்யவில்லை. விலை உயர்ந்த, மக்கள் நம்பும் பெயரைத்தான் போலி செய்தார்கள். கள்ளநோட்டு அடிப்பவன் ஐந்து ரூபாய் நோட்டை அடிப்பதில்லை. ஆகவே விலை கூடினால் தரமும் கூடும் என்ற நம்பிக்கைக்கு இந்த வழக்கு ஆதரவாக இல்லை. ஆயினும் நம்பிக்கை குலைந்த ஊரில், மலிவான மருந்தை எழுதும் மருத்துவரும் தயங்குவார், வாங்கும் நோயாளியும் தயங்குவார். அத்தயக்கத்தின் விலையையும் ஏழையே கொடுக்கிறார்.

காப்புரிமையின் கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்பது நல்லது. நீதிபதி என்.ராஜகோபால அய்யங்கார் 1959இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் உருவான 1970ஆம் ஆண்டுச் சட்டம், மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, தயாரிப்பு முறைக்கு மட்டுமே உண்டு என்றது. இந்தியா உலகின் மருந்துக்கடையானது அந்த ஒரு விதியால்தான். உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி 2005 ஜனவரி 1 முதல் பொருள் காப்புரிமை மீண்டும் வந்தது. எம்பாகிளிஃப்ளோசினுக்கான விண்ணப்ப நாள் 2005 மார்ச் 11. புதிய ஆட்சிமுறை தொடங்கிப் பத்தாவது வாரம்! செமாகுளூடைட் 2006 மார்ச் 20. புதிய சட்டத்தின் முதல் தலைமுறை மருந்துகள் இருபது ஆண்டு முடிந்து இப்போதுதான் ஒவ்வொன்றாக விடுபடுகின்றன. அதனால்தான் இவ்வளவு பரபரப்பு.

விடுபடுவதும் சண்டையின்றி நடப்பதில்லை. டாபாகிளிஃப்ளோசின் விஷயத்தில் முதல் காப்புரிமை 2020 அக்டோபரில் முடிந்தபோது, 2023 வரை நீளும் இரண்டாவது காப்புரிமை ஒன்று தன்னிடம் உள்ளது என்று ஆஸ்ட்ராஜெனிகா நிறுவனம் வழக்காடியது. ஒரே கண்டுபிடிப்புக்கு இரண்டு காப்புரிமை எப்படி என்று கேட்ட தில்லி உயர்நீதிமன்றம், இந்திய நிறுவனங்களுக்கு இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. அந்த மறுப்பு இல்லாவிடில் பல லட்சம் பேர் இன்னும் இரண்டரை ஆண்டு பழைய விலையையே கொடுத்திருப்பார்கள். சிட்டாகிளிப்டின் விஷயத்தில் நேர்மாறு நடந்தது. கிளென்மார்க் நிறுவனம் மலிவாக விற்க முயன்றதை 2015இல் நீதிமன்றம் தடுத்தது. மக்கள் 2022 ஜூலை வரை காத்திருந்தார்கள். காப்புரிமை முடிந்த இரண்டு மாதத்தில் மக்கள் மருந்தகங்களில் 50 மில்லிகிராம் மாத்திரை பத்து 60 ரூபாய்க்கு வந்தது. ஏழு ஆண்டுக் காத்திருப்பில் எத்தனை பேருடைய சிறுநீரகமும் விழித்திரையும் கெட்டன என்பதை எந்த நீதிமன்றமும் கணக்கெடுப்பதில்லை. புதிய மருந்தைக் கண்டுபிடிப்பவருக்கு ஊதியம் வேண்டாம் என்பது என் வாதமன்று. இருபது ஆண்டு என்றால் இருபது ஆண்டோடு முடிய வேண்டும் என்பதே வாதம்.

சரி, அரசின் விலைக் கட்டுப்பாடு என்ன செய்கிறது? இன்றியமையா மருந்துகளின் தேசியப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கே உச்சவிலை உண்டு. 2022ஆம் ஆண்டுப் பட்டியலில் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டெனிலிகிளிப்டின், இன்சுலின் வகைகள் இருக்கின்றன, எம்பாகிளிஃப்ளோசின் இல்லை. பட்டியலில் சேர்த்தாலும் பெரிய மாற்றம் நிகழ்ந்துவிடாது. 2013ஆம் ஆண்டு விலைக்கட்டுப்பாட்டு ஆணைப்படி, சந்தையில் ஒரு விழுக்காடும் அதற்கு மேலும் பங்குள்ள பெயர்களின் சராசரி விலையோடு 16 விழுக்காடு சில்லறை லாபம் சேர்த்ததே உச்சவிலை. நான்கு பெயர்கள் 5, 10, 15, 50 ரூபாய்க்கு விற்றால் சராசரி 20, உச்சவிலை ரூ.23.20. ஐம்பது ரூபாய்க்காரர் இறங்குவார், நல்லதுதான். ஆனால், ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கும் பொருளுக்கு 23 ரூபாய் கொடுப்பவரைக் காப்பாற்ற அந்த ஆணையில் வழியில்லை. முன்பு உற்பத்திச் செலவின் அடிப்படையில் விலை நிர்ணயித்த முறையைக் கைவிட்டுச் சந்தைச் சராசரிக்கு மாறியது, வெப்பத்தை அளக்க வேண்டிய இடத்தில் நோயாளிகளின் சராசரிக் காய்ச்சலையே இயல்பு வெப்பம் என்று ஏற்றுக்கொண்டதைப் போன்றது.

உச்சவிலையைவிட வலிமையான கருவி அரசின் கொள்முதல். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14இல் 64.2 விழுக்காடாக இருந்தது, 2021-22இல் 39.4 விழுக்காடாகக் குறைந்ததாகத் தேசிய சுகாதாரக் கணக்கு சொல்கிறது. குறைந்தது மகிழ்ச்சியே. ஆனால், இன்று நாம் பெருமை பேசும் ஆயுஷ்மான் பாரத் உள்ளிட்ட காப்பீட்டுத் திட்டங்கள் மருத்துவமனையில் படுக்கையில் சேர்ந்தால்தான் கைகொடுக்கின்றன. நீரிழிவு நோயாளி படுக்கையில் சேர்பவரல்லர்; முப்பது ஆண்டு நடந்துகொண்டே மருந்து வாங்குபவர். சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் வரை வந்துவிட்டால் காப்பீடு உண்டு. 2016இல் தொடங்கிய தேசிய டயாலிசிஸ் திட்டத்தில் ஏழைகளுக்கு இலவசமும் உண்டு. அந்நிலை வராமல் தள்ளிப்போடும் மாத்திரைக்கு மட்டும் காப்பீடு இல்லை. ஆறு ரூபாயைக் கொடுக்க மறுத்து ஆயிரங்களைக் கொடுக்கும் இந்தச் சிக்கனத்தை எந்தப் பொருளியல் கோட்பாட்டாலும் விளக்க முடியாது.

புதுச்சேரியில் பல குடும்பங்களுக்குப் பாரிஸ் நகரத்துப் புறநகர்களில் உறவினர்கள் உண்டு. அங்கிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் பேச்சுவாக்கில் சொல்வதைக் கேட்டிருக்கலாம். பிரான்சில் நீரிழிவு 'நீண்டகால நோய்' பட்டியலில் இடம்பெற்ற ஒன்று. அதற்கான சிகிச்சைச் செலவைச் சமூகக் காப்பீடு அங்கீகரித்த கட்டணத்தில் நூறு விழுக்காடு ஏற்றுக்கொள்கிறது. அண்ணன் அங்கே, தம்பி இங்கே. இருவருக்கும் தந்தை வழி வந்த ஒரே நோய். ஒருவர் அட்டையைக் காட்டி மருந்தைப் பெறுகிறார். மற்றவர் ஐந்து மாத்திரை வெட்டி வாங்குகிறார். பிரெஞ்சுக்காரர்களின் வருமானம் நமக்கில்லை என்பார்கள். 60 ரூபாய் மாத்திரையாக இருந்தவரை அவ்வாதம் செல்லும். ஆறு ரூபாயில் அது செல்லாது.

எடுத்துக்காட்டுக்காகப் பிரான்ஸ் வரை போகவும் தேவையில்லை. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நம் வீட்டு வாசலில் இருக்கிறது. மருந்தை மூலப்பெயரில், மொத்தமாக, வெளிப்படையான ஏலத்தில் வாங்குவது, வந்த சரக்கைத் தொகுதி தொகுதியாக, எந்த நிறுவனத்துடையது என்று ஆய்வகத்துக்குத் தெரியாதபடி சோதிப்பது, தேறாதவரை விலக்கிவைப்பது, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் போல ஒரு பாஸ்புக் கொடுத்து அதன் தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளச் செய்வது. இவ்வளவுதான் அதன் ரகசியம். கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. மருத்துவர் எந்தப் பெயரை எழுதுகிறார், கடைக்காரர் எதை எடுத்துக் கொடுக்கிறார், தரம் உண்டா என்ற மூன்று சிக்கலுக்கும் இது ஒரே நேரத்தில் விடை. அரசு வாங்கி, அரசு சோதித்து, அரசே கொடுக்கும்போது சீட்டில் உள்ள சொல்லுக்கு விலை இல்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருவது இந்த அடித்தளம் இருப்பதால்தான் சாத்தியமாயிற்று. 2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்களும் திறக்கப்பட்டன.

புதுச்சேரிக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. 2011 கணக்கெடுப்பில் நம் மக்கள்தொகை 12.48 லட்சம். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களைவிடக் குறைவு. இவ்வளவு சிறிய அளவில் ஏலம் கேட்டால் பெரிய நிறுவனங்கள் திரும்பிப் பார்க்காது, விலையும் குறையாது. போதாக்குறைக்கு நான்கு துண்டுகளாக வேறு சிதறிக் கிடக்கிறோம். ஆகவே தனியாக ஒரு கழகம் அமைப்பதைவிட, தமிழ்நாட்டுக் கழகத்தின் விலை ஒப்பந்தத்தில் புதுச்சேரியும் காரைக்காலும் இணைவதும், மாஹேவுக்குக் கேரளத்தோடும் ஏனாமுக்கு ஆந்திரத்தோடும் அத்தகைய ஏற்பாடு செய்துகொள்வதும் மலிவான வழி. தனித்தன்மை பாதிக்கும் என்று சிலர் முணுமுணுக்கக்கூடும். மின்சாரத்தையே வெளியிலிருந்து வாங்கும் ஊர், மாத்திரையை வாங்கினால் என்ன குறைந்துவிடும்? 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் நம்மிடம் இருக்கிறது. எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்பதற்கு நெறிமுறை வகுக்க வேறெங்கும் போக வேண்டியதில்லை.

இனி, 2026 மார்ச் 20ஆம் நாள் விஷயம். செமாகுளூடைட்டை எம்பாகிளிஃப்ளோசினைப் போலக் கருதிவிடக் கூடாது. அது மாத்திரையாகவும் உண்டு என்றாலும், பரபரப்பு முழுவதும் வாரம் ஒருமுறை போடும் ஊசியைப் பற்றியது. அதற்குப் பேனா வேண்டும், குளிர்பதனம் வேண்டும். டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க் நிறுவனம் எடைக்குறைப்புக்கான வீகோவியை 2025 ஜூனில் மாதம் 17,345 ரூபாய் தொடக்க விலையில் கொண்டுவந்தது. நவம்பரில் அதை 10,850 ஆகக் குறைத்தது. நீரிழிவுக்கான ஒசெம்பிக் டிசம்பரில் மாதம் 8,800 ரூபாயில் வந்தது. காப்புரிமை முடிய நான்கு மாதம் இருக்கும்போது விலையைக் குறைத்ததை வள்ளல் தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். போட்டி வருவதற்கு முன் வாடிக்கையாளரைப் பிடித்துக்கொள்வது எந்த வணிகரும் செய்வதே.

இம்மருந்தில் எனக்குள்ள கவலை வேறு. இதற்கு இரண்டு கூட்டம் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள்: சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டியவர்கள் ஒருபுறம், உடல் எடையைக் குறைக்க விரும்புபவர்கள் மறுபுறம். இரண்டாம் கூட்டத்திலும் உண்மையான நோயாளிகள் உண்டு. ஆனால் அவர்களில் வசதி படைத்தோர் மிகுதி. இருவரும் ஒரே பொருளுக்கு வரிசையில் நிற்கும்போது, விற்பவர் வசதி படைத்தவரின் பையைப் பார்த்துத்தான் விலை வைப்பார். 2022 முதல் உலகெங்கும் இம்மருந்துக்குத் தட்டுப்பாடு வந்ததும், பல நாடுகளில் நீரிழிவு நோயாளிகள் தம் மருந்து கிடைக்காமல் அலைந்ததும் இதனால்தான். காப்புரிமை போனபின் உற்பத்தி பெருகி விலை சரியும் என்பதில் ஐயமில்லை. சரிந்தாலும் அது இன்னும் பல மாதங்களுக்குக் கூலித் தொழிலாளியின் மருந்தாக ஆகாது. அதற்காக ஆர்ப்பரிக்கும் வேளையில், ஏற்கெனவே ஆறு ரூபாய்க்கு வந்துவிட்டதை ஊர்ப்புறச் சுகாதார நிலையம் வரை கொண்டுபோக மறந்துவிடக் கூடாது.

புதியதன் வரவால் பழையது மறைவதும் உண்டு. 1923இல் இன்சுலின் காப்புரிமையைக் கண்டுபிடித்தவர்கள் ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு டொரன்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். நூறாண்டு கழித்து, லாபம் குறைவான மனித இன்சுலின் பேனாக்களின் விநியோகம் 2024இல் தென்னாப்பிரிக்காவில் நின்றுபோனது. இந்தியாவிலும் மனித இன்சுலினுக்கான பேனா உருளைகளைப் படிப்படியாக நிறுத்திக்கொண்டு, குப்பிகளில் மட்டும் தொடரப்போவதாக நோவோ நோர்டிஸ்க் 2025இல் தெரிவித்தது. கண் மங்கிய முதியவர் பேனாவில் எண்ணைத் திருப்பிப் போட்டுக்கொண்ட ஊசியை, இனிக் குப்பியிலிருந்து சிரிஞ்சில் கோடு பார்த்து ஏற்ற வேண்டும். இல்லையேல் விலை கூடிய நவீன இன்சுலினுக்கு மாற வேண்டும். காப்புரிமையே இல்லாத மருந்தும் கிடைக்காமற்போகலாம் என்பதற்கு இது சான்று. உள்நாட்டு நிறுவனங்கள் அந்த இடத்தை நிரப்ப முடியும். அரசு நிலையான கொள்முதலுக்கு உறுதி தந்தால் நிரப்பவும் செய்யும்.

புதுச்சேரியில் சட்டப்பேரவைத் தேர்தல் வரும்போது வாக்குறுதிகள் வரிசைகட்டி வரும். வாக்குக் கேட்டு உப்பளத்துத் தெருக்களுக்கு வருகிறவர்களிடம் நான் கேட்க வைத்திருப்பது மூன்று. எம்பாகிளிஃப்ளோசின் 10 மில்லிகிராம் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஆண்டின் பன்னிரண்டு மாதமும் இருப்பில் இருக்குமா? அரசு வாங்கும் மருந்துகளின் தரச்சோதனை முடிவுகள், தொகுதி எண்ணோடு, இணையத்தில் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடப்படுமா? தமிழ்நாட்டோடு கொள்முதல் ஒப்பந்தம் எந்த மாதத்துக்குள் கையெழுத்தாகும்? மூன்றாவது கேள்விக்கு மாதத்தின் பெயரைச் சொல்பவருக்கு என் தெருவில் சில வாக்குகள் நிச்சயம் உண்டு.

கட்டுரையாளர்: ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியர், புதுச்சேரி.